எள்ளு குக்கீக்கு நடுவுல ஐஸ்கிரீம்: கேட்டதுக்குப் பதில்

பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்தநாளுக்குக் கருப்பு எள்ளு ஐஸ்கிரீமை ரெண்டு கருப்பட்டி குக்கீக்கு நடுவுல வச்சுக் கொடுத்தேன். ஜப்பான்காரங்க ருசியைப் பாத்துச் செஞ்சது. தின்னவங்க, தின்னவங்களைப் பாத்தவங்கன்னு ஆளாளுக்குக் கேள்வி கேக்குறாங்க. பாளையங்கோட்டையில வீட்டு அடுப்படியிலேயே குக்கீ சுட்டு விக்கிறவ நான். ஜப்பான் பக்கம் எட்டிக்கூடப் பாத்தது இல்ல. செஞ்சு, கெடுத்து, திரும்பச் செஞ்சு தெரிஞ்சுகிட்டதைச் சொல்லுதேன்.

எக்கா, ஜப்பான் சாமானெல்லாம் எங்கன வாங்குதிய? மாட்சா டப்பா விலையைப் பாத்தா தலை சுத்துது. (வண்ணாரப்பேட்டை)

மாட்சான்னா ஜப்பான் பச்சைத் தேயிலைப் பொடி, அதை விடுங்க. அவங்க ஐஸ்கிரீம்ல போடுற மத்த ருசியெல்லாம் நம்ம அரங்குவீட்டுல இருக்கு. குரோ கோமான்னா கருப்பு எள்ளு. கினாகோன்னா வறுத்த சோயாவை அரைச்ச மாவு. பொரிகடலையைத் தோல் இல்லாம நைசா அரைச்சுச் சலிச்சா கிட்டத்தட்ட அந்த வாசம் வந்துரும். குரோமிட்சுங்கிறது ஒகினாவா கருப்புச் சர்க்கரைப் பாகு. அது கரும்புல வர்றது, நம்மது பனையில வர்றது. ஆனா உடன்குடிக் கருப்பட்டியில பாகு காய்ச்சி ஊத்தினா, ரெண்டும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி மாதிரிதான். அசுகிங்கிற அவங்க ஊரு சின்னச் சிவப்புப் பயறுக்குப் பதிலா, நம்ம சிவப்புத் தட்டைப்பயறு போதும். டோக்கியோ பக்கத்துல சிவப்புச் சோறு ஆக்கும்போது அவங்களே அசுகிக்குப் பதிலாத் தட்டைப்பயறு போடுற வழக்கம் உண்டு.

மாஞ்சோலைப் பக்கத்துல இருந்து வந்த கிரீன் டீ வீட்டுல கிடக்கு. அதை மிக்ஸியில அரைச்சா மாட்சா ஆயிராதா? (அம்பாசமுத்திரம்)

ஆகாது தம்பி. மாட்சாவுக்குன்னு வளக்குற செடியைப் பறிக்கிறதுக்கு முன்னால மூணு வாரம் போலப் பந்தல் போட்டு நிழல்ல வைப்பாங்க. இலையை ஆவியில வேகவச்சு, காயவச்சு, காம்பையும் நரம்பையும் நீக்கிட்டுக் கல் திரிகையில அரைக்கிறது அது. நீங்க அரைச்சா நறநறன்னு கசக்கும். அதே இலையை வெறும் சட்டியில பழுப்பாகுற வரைக்கும் வறுத்துப் பாருங்க. ஜப்பான்ல அதுக்குப் பேர் ஹோஜிச்சா. 2 மேசைக்கரண்டி இலையை 100 மில்லி சூடான பால்ல 10 நிமிஷம் ஊறவச்சு வடிகட்டி, பாதியாச் சுண்டவச்சு ஆறினதும் ஐஸ்கிரீம்ல சேருங்க. எனக்கு மாட்சாவை விட இதுதான் பிடிச்சிருக்கு.

குக்கீ கல்லு மாதிரி ஆயிட்டு, மைனி. கடிச்சா ஐஸ்கிரீம் பிதுங்கி மடியில விழுது. (பேட்டை)

எல்லாரும் தோக்குற இடம் இதுதான். டீயில முக்கித் தின்னுற பிஸ்கட்டும் ஐஸ்கிரீமுக்கு வைக்கிற குக்கீயும் ஒண்ணு இல்ல. ஃப்ரீசர் குளிர் மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிர்ல வெண்ணெய் இறுகிப்போகும், எண்ணெய் அவ்வளவு இறுகாது. அதனால நான் 80 கிராம் வெண்ணெயோட 20 கிராம் செக்கு நல்லெண்ணெய் சேக்கிறேன். எள்ளு ஆட்டும்போது செக்குல கருப்பட்டி போடுற ஊரு நம்மது, அதனால இந்தக் கூட்டு நாக்குக்குப் புதுசாவே தெரியாது.

150 கிராம் மைதா, 80 கிராம் சீவின கருப்பட்டி, 30 கிராம் சீனி, ஒரு முட்டை மஞ்சக்கரு, கால் டீஸ்பூன் சோடா உப்பு, ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு மேசைக்கரண்டி வறுத்த எள்ளு. கருப்பட்டி ஈரத்தை இழுத்துப் பிடிச்சுக்கும், அதனால குக்கீ மெத்துனு இருக்கும். வெறும் சீனின்னா மொறுமொறுன்னு போயிரும். சுக்கு, மிளகு போட்ட கருப்பட்டி வேண்டாம். மண் இருக்கும்னு சந்தேகமா இருந்தா, கரைச்சு வடிகட்டித் திரும்பக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவச்சுச் சேருங்க.

மாவை அரைமணி நேரம் குளிரவச்சு, 7 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் கனத்துல 16 வட்டம் தட்டுங்க. 170 டிகிரியில 9 நிமிஷம். ஓரம் வெந்து, நடு அமுங்குற பதத்துலயே எடுத்துரணும். "இன்னும் வேகலையே"ன்னு தோணும்போது எடுத்தாத்தான் சரி. நான் முதல் தடவை 14 நிமிஷம் விட்டு, அத்தனையையும் டீயில முக்கித்தான் தின்னோம்.

முட்டை சேக்க மாட்டோம். ஓவனும் இல்ல. (சங்கரன்கோவில்)

மஞ்சக்கருவுக்குப் பதிலா ரெண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர். ஓவனுக்குப் பதிலா, கனமான சட்டியில மணல் பரப்பி மூடி 10 நிமிஷம் சூடாக்கி, உள்ள ஸ்டாண்டு வச்சு, அதுமேல தட்டை வைங்க. ஒரு ஈடுக்கு நாலு குக்கீதான் வரும். 12 நிமிஷத்துல இருந்து பாத்துக்கிட்டே இருங்க.

கருப்பு எள்ளு வறுபட்டதா கருகினதான்னு எப்படிக் கண்டுபிடிக்க? (கடையநல்லூர்)

நல்ல கேள்வி. நிறம் காட்டாதுல்லா. ஒரு கரண்டி வெள்ளை எள்ளைக் கூடவே போடுங்க. வெள்ளை லேசாச் சிவந்ததும் அடுப்பை அணைச்சு, உடனே வேற தட்டுல கொட்டிரணும். சட்டியிலேயே விட்டா அந்தச் சூட்டுல கசந்துரும். ஆறினதும் மிக்ஸியில விட்டு விட்டு அரைங்க. எள்ளுருண்டைக்கு எண்ணெய் பிரிஞ்சா கோவம் வரும், இங்க அதுதான் வேணும். 50 கிராம் எள்ளோட ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டா விழுது ஆயிரும்.

250 மில்லி விப்பிங் கிரீமை நுனி நிக்கிற அளவு அடிச்சு, 125 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கும் எள்ளு விழுதும் மெதுவாக் கலந்து ராத்திரி பூரா உறைய விடுங்க. கொழுப்பு 25 சதவீதம் உள்ள சாதா ஃபிரெஷ் கிரீமை எவ்வளவு அடிச்சாலும் நிக்காது, கைதான் வலிக்கும். 35 சதவீதம் பக்கம் இருக்கணும். இனிப்புப் போட்டே வர்ற கிரீம்னா கண்டென்ஸ்டு மில்க்கைப் பாதியாக் குறைங்க.

நடுவுல அல்வா வச்சா என்ன? (டவுண்)

யாராவது கேப்பீங்கன்னு தெரியும். 1981-ல ஜப்பான்ல லாட்டே கம்பெனி யுகிமி டைஃபுகுன்னு, மோச்சிங்கிற பசையரிசி மாவு சுத்தின ஐஸ்கிரீமைக் கொண்டுவந்துச்சு. அந்த மாவுல சீனி நெறைய இருக்கறதால குளிர்லயும் இழுபடும். அல்வாவுலயும் சீனி இருக்கே, இழுபடும்னு நெனச்சு வச்சேன். கோதுமைப்பால் சவ்வு நல்லாத்தான் இழுபட்டுச்சு, நெய் மெழுகா உறைஞ்சு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு. வேணும்னா பட்டாணி அளவு துண்டை மேல தூவுங்க, போதும்.

தென்காசிக்குக் கொண்டு போகணும், வழியில உருகாதா?

உருகும். குக்கீயோட உள்பக்கம் உருக்கின சாக்லெட்டை மெல்லிசாத் தடவுங்க, நமத்துப் போகாது. ஜப்பான்ல மோனாகாங்கிற மொறுமொறு அரிசி அப்பளத்துக்குள்ள ஐஸ்கிரீம் வைக்கும்போதும் இப்படிப் பூசுறது உண்டு. ஒவ்வொண்ணையும் பட்டர் பேப்பர்ல சுத்தி, காத்துப் புகாத டப்பாவுல போட்டு முந்தின ராத்திரியே உறையவச்சுருங்க. தெர்மாகோல் பெட்டியில உடைச்ச ஐஸ் மூணு பங்கு, தூத்துக்குடிக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்து டப்பாவைச் சுத்திப் போடணும். உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 20 வரைக்கும் இறங்கும். உப்புத்தண்ணி மட்டும் டப்பாவுக்குள்ள போயிரக்கூடாது.

கரண்ட் போயி உருகிட்டு. திரும்ப உறையவச்சாச் சரியா?

வேண்டாம். மணல் மணலா ஐஸ் கட்டிரும், வயித்துக்கும் நல்லதில்ல.

எங்க ஆச்சிக்குப் பல்லு கூசும். ஆனா அவுகளுக்குத்தான் ஆசை ஜாஸ்தி.

ஏழெட்டு நிமிஷம் வெளியில வச்சுட்டுக் கொடுங்க, சித்திரை வெயில்னா மூணு நிமிஷம். மேல பொரிகடலை மாவும் கருப்பட்டிப் பாகும் விட்டுக் கிண்ணத்துல ஸ்பூனோட வைங்க. அவுக கையில எடுத்துத் தின்னத்தான் பாப்பாக, மடியில ஒரு துண்டை விரிச்சுருங்க.