வேலியில் கம்பிச் சுருக்கு: புலி மாட்டினால் யார் மேல் வழக்கு?

கேள்வி: மஸ்கெலியா பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். பின்னால் கால் ஏக்கரில் லீக்ஸ், கரட் போடுகிறோம். இரண்டு பசுவும் உண்டு. ஓடைக்கரையில் ஒரு துண்டுப் பற்றைக்காடு இருக்கிறது, அதில் புலி நடமாட்டம். எங்கள் வேலியில் யாரோ பன்றிக்குச் சுருக்கு வைத்திருக்கிறார்கள். புலி மாட்டிச் செத்தால் என்னைப் பிடிப்பார்களா? பற்றையை வெட்டிவிடு என்கிறார் அப்பா. வெட்டலாமா?

பதில்: தம்பி, இன்னும் எதுவும் மாட்டவில்லை. அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

நம் மலையில் புலி என்று சொல்லும் சிறுத்தையை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிறது. காட்டுக்குள் மட்டுமல்ல, தேயிலை மலையிலும் உங்கள் லீக்ஸ் பாத்தியிலும்தான். காட்டுப்பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த ஓட்டையை நம்பித்தான் பலர் கம்பி வைக்கிறார்கள். "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்ற ஒரு பதிலோடு நீதவான் முன்னால் போய் நிற்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில்தான் சுருக்குப் போடுகிறார்கள். மிருகம் இழுக்க இழுக்க அது இறுகும். வெளியே சின்னக் காயம் போலத் தெரியும், உள்ளே எல்லாம் நசுங்கியிருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை.

வைத்தவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் வேலி உங்களுடையது, கம்பி இருப்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவைத்தீர்கள் என்றால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அதனால் கம்பியைப் படம் எடுங்கள், பக்கத்து ஆள் ஒருவரிடம் காட்டுங்கள். அப்புறம் கிராம அலுவலரிடமும் பொலிஸிலும் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். வைத்தது யார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகத்தில் பெயர் சொல்லாதீர்கள். தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். இதை இந்தத் தொழிலில் எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்துவிட்டேன், ஆனாலும் சொல்வேன்.

ஒருவேளை மிருகம் மாட்டிவிட்டால் கிட்டே போகாதீர்கள், கம்பியை வெட்டவும் பார்க்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். மயக்க ஊசியோடு மிருக வைத்தியர் வரும்வரை கூட்டம் சேரவிடாதீர்கள். வலியில் இருக்கும் புலி கம்பியை அறுத்துக்கொண்டு வந்தால், முதலில் அகப்படுவது கொழுந்து பறிக்கும் பெண்கள்தான்.

சரி, பற்றைக்கு வருவோம். வெட்டாதீர்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. உங்கள் கையில் உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் ஓடைக்கரையைத் துப்புரவாக்கினால் கம்பனியும் கேட்கும், பிரதேச செயலகமும் கேட்கும். 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அந்த வேர்கள் போனால் அடுத்த அடைமழைக்கு உங்கள் பாத்தி மண்தான் ஓடையில் போகும்.

அப்பாவின் பயம் பசுவைப் பற்றியதாக இருக்கும், அது நியாயமான பயம். அதற்குப் பற்றையை அழிக்க வேண்டாம். இரவில் பசுக்களைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுங்கள், நாயையும் வெளியே கட்டாதீர்கள். பொலிஸ் உங்களைக் கூப்பிட்டு விசாரித்தால், தனியாகப் போகாமல் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.