குறிப்பேட்டில் கிடக்கும் கருவைக் கதையாக்குவது எப்படி?

தருமபுரியில் நண்பர்கள் சிலர் மாதம் ஒரு முறை கூடி, எழுதிய கதைகளை வாசித்துப் பேசுகிறோம். கதை எழுத முயலும் அன்பர்கள் கேட்ட கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, என் குறிப்பேட்டில் நாற்பது கருக்கள் இருக்கின்றன. ஒன்றுகூடக் கதையாகவில்லை. "விலை போகாத தக்காளியைச் சாலையோரம் கொட்டும் விவசாயி" என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு மேல் நகர மறுக்கிறது. (பாலக்கோடு வாசகி)

நீங்கள் குறித்து வைத்திருப்பது கருவன்று, காட்சி. அதைப் பார்த்தபோது உங்கள் மனம் இளகியிருக்கும். அந்த இளக்கத்தையே கதை என்று எண்ணிக் குறித்துக்கொண்டீர்கள். நாம் எல்லோரும் செய்வதுதான்.

அதே தக்காளியை எடுத்துக்கொள்வோம். வண்டியில் மாமனாரும் மருமகனும் இருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்குக் கேழ்வரகே போதும் என்று மாமனார் சொன்னதைக் கேளாமல், மனைவியின் நகையை அடகு வைத்து மருமகன் நட்ட தோட்டம் அது. மண்டியில் பெட்டிக்குக் கேட்ட விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணவில்லை. திரும்பும் வழியில், மாட்டுக்காவது ஆகும், வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்கிறார் மாமனார். மருமகனோ கொட்டிவிட வேண்டும் என்று நிற்கிறான். ஏனென்றால், பெட்டிகள் காலியாகத் திரும்பினால் சரக்கு விற்றுவிட்டது என்று மனைவி நம்புவாள். ஓர் இரவாவது அவளுடைய கேள்வியிலிருந்து தப்பிக்கலாம். இதைப் புரிந்துகொண்ட கிழவர் ஒன்றும் பேசாமல் இறங்கி, ஒரு பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கிறார்.

அதுவரை விவசாயியின் துயரப் படமாக இருந்த தக்காளி, இப்போது ஒரு பொய்க்கான ஏற்பாடாகிவிட்டது. அந்தப் பொய்யில் பெண்ணைப் பெற்றவரும் பங்காளியாகிவிட்டார். வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே எழுதத் தோன்றும். உங்கள் நாற்பது குறிப்புகளிலும் யார் எதை மறைக்கிறார், யாரிடமிருந்து மறைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு பதில் சொன்னால் போதும். மற்றவற்றைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். கிடைக்கும் ஒரு மணி நேரமும் முதல் பக்கத்தைத் திருத்துவதிலேயே போய்விடுகிறது.

முதல் வரைவு முடியும்வரை முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள். ஊர்ப் பெயரோ பூவின் பெயரோ நினைவுக்கு வராவிட்டால் கோடு போட்டு இடம் விட்டு மேலே செல்லுங்கள். ஒரு காட்சி முடிந்த இடத்தில் எழுந்திருக்காமல், நடுவில், அடுத்த வாக்கியம் மனத்தில் இருக்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் அந்த வாக்கியம் உங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒகேனக்கல் பரிசலோட்டி ஒருவரைப் பற்றிய கதையில் அருவி வருணனையை மட்டும் நான்கு ஆண்டுகள் இழைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் மீதிக் கதையை எழுதி முடித்தபோது, நீர்வரத்து அதிகரித்துப் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்ட காலையில், கவிழ்த்து வைத்த பரிசலின் நிழலில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது என்று தெரிந்தது. நான்கு ஆண்டு அருவியும் குப்பைக்குப் போயிற்று. இன்றும் வருத்தம்தான்.

வட்டார வழக்கில் எழுதலாமா? (கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்)

உரையாடலில் தாராளமாக எழுதலாம் தம்பி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் புழங்கும் மாவட்டம் உங்களுடையது; பாத்திரம் எந்த மொழியில் கோபப்படுகிறது என்பதைக் காதால் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் அரூர்ப் பக்கத்து நடுகற்களை வைத்து வரலாற்றுக் கதை எழுத விரும்புகிறேன். கல்வெட்டில் உள்ளதை எழுதியதும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

முடியத்தான் செய்யும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் இறந்துபட்டான் என்பதோடு நடுகல் நின்றுவிடுகிறது. கல்லில் உள்ளதை விரித்து எழுதினால் அது விளக்கவுரை. கதைக்கு வேண்டியது கல் சொல்லாமல் விட்டது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளின் பொருட்டு இறந்த வீரனோடு, கோவிவன் என்னும் அவனது நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. வெட்டும் குத்தும் எழுதுவதில் பக்கங்களைச் செலவிடாதீர்கள். விடிந்ததும் அங்கே முதலில் வந்து சேர்ந்தவர் யார், தன்னை நாய் கிட்டே விடுமா என்று அவர் எவ்வளவு தூரத்தில் தயங்கி நின்றார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.