ஏர் ஷோல நிக்கற விமானத்தை போட்டோ எடுக்க ஓனர்கிட்ட கேக்கணுமா?

கேள்வி: ஏர் ஷோக்கு கேமராவோட போகப்போறேன். தரைல நிறுத்தி வச்சிருக்கற தனியார் விமானங்களை படம் எடுக்க ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? ஓனர்களுக்கும் போட்டோகிராபர்களுக்கும் ஏன் அடிக்கடி உரசல் வருது?

படம் எடுக்க கேக்க வேணாம். விமானத்தைச் சுத்தி கட்டியிருக்கற கயித்தைத் தாண்ட, தொட, எதையாவது நகத்த, உள்ள எட்டிப் பாக்க கேக்கணும். பதில் அவ்ளோதான், ஆனா இதோட நிறுத்தினா உங்களுக்கு பெருசா பிரயோஜனம் இல்ல, ஏன்னா நான் பாத்த வரைக்கும் கேமராவால சண்டை வர்றது ரொம்ப கம்மி, கேமராவைச் சுத்தி இருக்கற சாமானாலதான் வருது. முதுகுல தொங்கற பை, ஸ்ட்ராப், லென்ஸ் ஹூட் (லென்ஸ் முன்னாடி மாட்டற வளையம்), ட்ரைபாட் காலு, அப்புறம் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம் அந்த ஃபைலு.

நான் வருஷக்கணக்கா விமானம் படம் எடுக்கறவன். ஒரு சின்ன விமானத்துல பங்கு வச்சிருக்கற ஃப்ரெண்டுக்காக இறக்கைக்கு பக்கத்துல சேர் போட்டு நாள் பூரா காவல் உக்காந்ததும் உண்டு. அதனால ரெண்டு தரப்பு புலம்பலும் எனக்கு அத்துப்படி.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அங்க நிக்கறது மியூசியம் பொருள் இல்ல. அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்காஷ்ல வருஷாவருஷம் ஜூலை கடைசில நடக்கற ஏர்வெஞ்சர் ஷோக்கு சுமார் 10,000 விமானம் வருது, அதுல நிறைய ஓனரே ஓட்டிட்டு வந்து, புல்லுல நிறுத்தி, இறக்கைக்கு அடியிலயே கூடாரம் அடிச்சு தங்கற விமானங்க. ஷோ முடிஞ்சதும் அதே விமானத்துல பொண்டாட்டி புள்ளைய ஏத்திட்டு ஊருக்குப் பறப்பாங்க. அதாவது நீங்க தெரியாத்தனமா வளைச்சுட்டுப் போன ஒரு சின்ன தகடு கொஞ்ச நேரத்துல வானத்துல இருக்கப்போகுது. ஓனர் மூஞ்சி சுருங்கறது திமிருன்னு நினைக்கறவங்க இதை யோசிக்கறதே இல்ல.

பழைய விமானங்கள்ல நிறைய துணி போத்தினது. பைப்பர் கப் மாதிரி மஞ்சக் கலர் குட்டி விமானம் பாத்திருப்பீங்க, அதோட இறக்கை தகரம் இல்ல, சட்டத்து மேல துணிய மத்தளத் தோல் மாதிரி விறைப்பா இழுத்து ஒட்டி மேல பூச்சு அடிச்சது. நடுவுல விரலை வச்சு அமுக்கினா உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் காத்து. பூச்சு பழசாகி இறுகிப் போயிருந்தா அந்த ஒரு அமுக்குல மேல வட்டமா வெடிப்பு விடும், உடனே தெரியாது, அப்புறம் ஈரம் இறங்க ஆரம்பிக்கும். "இது துணியா சார்"னு கேட்டுக்கிட்டே விரலால தட்டிப் பாக்காத ஆளே இல்ல. வாயால மட்டும் கேளுங்க, அவர் சந்தோஷமா சொல்லுவார், பல பேர் கொஞ்சம் துணியை ஃப்ரேம் பண்ணி தனியா வச்சிருப்பாங்க, தட்டிப் பாக்கறதுக்குன்னே.

அப்புறம் இறக்கைக்கு அடியிலயோ முன்னாடியோ நீட்டிட்டு இருக்கற பீட்டோ குழாய். ஸ்பீடாமீட்டருக்கு காத்து போற வழி அது. பேக்பேக் ஸ்ட்ராப் அதுல மாட்டி இழுபட்டா லேசா வளையும், யாருக்கும் தெரியாது, பைலட்டுக்கு மேல போனப்புறம் வேகம் தப்பா காட்டும். குனிஞ்சு லோ ஆங்கிள் எடுக்கறேன்னு இறக்கைக்கு அடியில பூந்து அப்படியே நிமிர்றவங்கதான் இதுல மாட்டறவங்க. தலைக்கும் சேதாரம், குழாய்க்கும் சேதாரம்.

கேனோப்பி, அதான் பைலட் சீட்டுக்கு மேல மூடற தெளிவான கூண்டு, இன்னொரு தொல்லை. அது கண்ணாடி இல்ல, அக்ரிலிக்ங்கற பிளாஸ்டிக். காக்பிட் படம் வேணும்னு லென்ஸ் ஹூடை அதுமேல அமுக்கி வைக்கறாங்க, ரிஃப்ளெக்‌ஷன் வராதாம். ஹூடோட விளிம்புல ஒரு மணல் துகள் இருந்தா போதும், அரை வட்டமா கீறல் விழுந்துரும், சூரியனைப் பாத்துப் பறக்கும்போது அந்தக் கீறல்தான் பைலட் கண்ணுக்கு முன்னாடி மினுக்கும். இதைவிட மோசம் உதவி பண்றவங்க. தூசியா இருக்கேன்னு சட்டை நுனியால துடைச்சு விடறது, தூசியோட சேத்து தேய்ச்சா அது உப்புத்தாள் வேலைதான். வீட்டு ஜன்னல் துடைக்கற அம்மோனியா ஸ்ப்ரேயும் ஆகாது, அக்ரிலிக்ல நுணுக்கமா வெடிப்பு விட்ரும். ரிஃப்ளெக்‌ஷன் வேணாம்னா கருப்புத் துணிய கைல பிடிச்சு நிழல் கட்டுங்க, இல்ல ஓனர்கிட்ட கேளுங்க, பாதி பேர் கேனோப்பிய அவங்களே திறந்து விடுவாங்க. லென்ஸ்ல போலரைசர் (பளபளப்பைக் குறைக்கற ஃபில்டர்) மாட்டி கேனோப்பிய எடுத்தா சில நேரம் வானவில் மாதிரி திட்டுத் திட்டா வரும், அது அக்ரிலிக்ல இருக்கற அழுத்தம் தெரியறது, கீறலும் இல்ல அழுக்கும் இல்ல, அதைப் போய் ஓனர்கிட்ட காட்டி பயமுறுத்தாதீங்க.

ப்ரொப்பல்லரை தொடவே கூடாது. நெசமா சொல்றேன், இதுல மரியாதை கிரியாதை ஒண்ணும் இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. இந்த பிஸ்டன் இன்ஜின்ல தீப்பொறி மேக்னெட்டோல இருந்து வருது, அதுக்கு பேட்டரி வேணாம், சுத்தினாலே கரண்ட் உண்டாகும். சாவிய ஆஃப் பண்ணினா ஒரு வயர் வழியா அதை கிரவுண்ட் பண்ணி அடக்குவாங்க, அந்த வயர் அறுந்திருந்தா சாவி ஆஃப்ல இருந்தும் இன்ஜின் உயிரோட இருக்கும். போஸ் கொடுக்கறேன்னு ப்ளேடை பிடிச்சு தொங்கி அது கொஞ்சம் திரும்பினா ஒரே ஒரு அடி போதும். குழந்தைய ப்ரொப்பல்லர் பக்கத்துல நிக்க வச்சு படம் எடுக்கற அப்பாக்களைப் பாத்தா ஓனர்கள் கத்தறாங்கன்னா காரணம் இதான்.

ஒரு ஷோல பாத்தேன், வயசான ஓனர் ஒருத்தர், துணி போத்தின ரெண்டு சீட்டர் வச்சிருந்தார். ஒரு பையன் லென்ஸ் மாத்தறதுக்காக கேமரா பைய வால் பக்கத்து கிடைமட்ட இறக்கை மேல வச்சுட்டான், டேபிள் உயரத்துல இருக்கு பாருங்க, கை தானா போயிருது. பெரியவர் ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்து பைய ரெண்டு கையால தூக்கி புல்லுல வச்சார், அந்த இடத்தை உள்ளங்கையால மெதுவா தடவிப் பாத்தார், அப்புறம் வாலோட பின் விளிம்பை மேலயும் கீழயும் அசைச்சு காதை கிட்ட வச்சு கேட்டார். பையனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "சாயங்காலம் நான் இதுல வீட்டுக்குப் போகணும்பா"ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் அவரே அவனைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் வெயில் நல்லா விழும்னு காட்டினார், அது வேற விஷயம்.

இப்ப எதிர்த் தரப்புக்கு வர்றேன், ஓனர்களும் சும்மா இல்ல. விமானம் தகதகன்னு இருக்கும், அதுக்கு அடியில ஐஸ் பொட்டி, மடக்கு சேர், துடைக்கற கந்தல், ஆயில் டப்பா, செருப்பு. ப்ரொப்பல்லர்ல கயிறு கட்டி பெரிய அட்டை, தொடாதேன்னு. அந்த அட்டைய தரைல ஒரு ஸ்டாண்ட்ல வச்சா யாருக்கு என்ன நஷ்டம்? காலைல வெளிச்சம் அருமையா இருக்கற ஒரு மணி நேரம் பூரா கவர் போட்டு மூடி வச்சுட்டு, உச்சி வெயில்ல திறந்து விட்டு, ஏன் யாரும் நல்லா எடுக்க மாட்டேங்கறாங்கன்னு கேப்பாங்க. ரெண்டு ப்ளேடு ப்ரொப்பல்லரை ஒரு ஓரமா கோணலா விட்டுட்டுப் போயிருவாங்க, அதை நேரா நிறுத்த வேண்டியது அவங்க மட்டும்தான், மேல சொன்ன காரணத்துக்காக. இதையெல்லாம் போட்டோகிராபர் போய் நகத்தக் கூடாது, "அந்த சேரை ரெண்டு நிமிஷம் தள்ளி வச்சுக்கலாமா"ன்னு கேட்டா யாரும் முடியாதுன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

சில பேர் "என் விமானத்தை யாரைக் கேட்டு எடுத்தே"ன்னு வருவாங்க. சட்டப்படி, அமெரிக்காலயும் சரி பிரிட்டன்லயும் சரி, படத்தோட காப்பிரைட் பொதுவா எடுத்தவருக்குத்தான், விமானத்தை காசு கொடுத்து வாங்கினதால அதோட படமெல்லாம் அவருது ஆகிடாது. ஆனா டிக்கெட் வாங்கி உள்ள போன இடத்துல ஷோ நடத்தறவங்க கண்டிஷன் போடலாம், வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு, அதைப் படிச்சுட்டுப் போங்க. விளம்பரத்துக்கோ படம் வாங்கி விக்கற ஸ்டாக் ஏஜென்சிக்கோ கொடுக்கறதா இருந்தா ஓனர் கையெழுத்து போட்ட ரிலீஸ், அதாவது சம்மதக் கடிதம், கேப்பாங்க. இதை அங்க நின்னு கோர்ட்ல பேசற மாதிரி பேசாதீங்க, கேக்கற ஆளுக்கு பெரும்பாலும் வேற பயம் இருக்கு. விமானத்தோட வால்லயோ பக்கத்துலயோ இருக்கற ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரை அமெரிக்கால எஃப்.ஏ.ஏ.ங்கற விமானத்துறை அமைப்போட வெப்சைட்ல அடிச்சா ஓனர் பேரும் அட்ரஸும் வந்துரும், ரொம்ப காலமா அப்படித்தான். 2024ல வந்த சட்டத்துக்கு அப்புறம் ஓனர் கேட்டுக்கிட்டா அதை மறைக்கலாம், ஆனா எல்லாரும் கேக்கல. அதோட, நல்ல படமா பாத்து திருடி போலி விற்பனை விளம்பரம் போட்டு அட்வான்ஸ் வாங்கி ஏமாத்தறவங்க இருக்காங்க. அதனால ஒருத்தர் நம்பரை மறைச்சுப் போடுங்கன்னு கேட்டா போட்டுருங்க. நம்பரே பல விமானத்துல 12 அங்குல உயரத்துல பெயின்ட் அடிச்சு ஊரெல்லாம் பறக்குதேன்னு எனக்கும் தோணும், இருந்தாலும் ரெண்டு நிமிஷ வேலை, விடுங்க.

பதிலுக்கு ஓனர்களுக்கும் ஒண்ணு, வாட்டர்மார்க்கை வெட்டிட்டு ப்ரொஃபைல் படமா வைக்கறது, பெயின்ட் கம்பெனிக்கு தூக்கிக் கொடுக்கறது, காலண்டர் போடறது, இதெல்லாம் திருட்டுதான். "நீ என் விமானத்தை எடுத்தே, நான் உன் படத்தை எடுத்தேன்"னு ஒருத்தர் என்கிட்டயே சொல்லியிருக்கார்.

இப்ப முக்கியமான சமாச்சாரம். விமான ஓனர் தன் விமானம் பறக்கறதைப் பாத்ததே இருக்காது. யோசிச்சுப் பாருங்க, அது பறக்கறப்பல்லாம் அவர் உள்ள இருக்கார். வருஷக்கணக்கா பொட்டி பொட்டியா உதிரி பாகம் தேடி கட்டினது, சக்கரம் தரைய விட்டு எழும்பற அந்த நொடில எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியாது. அதனால தரைல நிக்கறதை நூறு தடவை எடுக்கறதை விட, ரன்வே ஓரமா நின்னு டேக்ஆஃப் எடுத்து அதைப் போய் அவர்கிட்ட கேமரா ஸ்கிரீன்ல காட்டிப் பாருங்க. ப்ரொப்பல்லர் விமானத்துக்கு ஷட்டர் ஸ்பீடு 1/1000 செகண்ட் வச்சீங்கன்னா ப்ளேடு உறைஞ்சு போய் பொம்மைய தொங்கவிட்ட மாதிரி இருக்கும், 1/125 பக்கம் இறக்கிட்டு விமானத்தோட கூடவே கேமராவைத் திருப்பிப் பழகுங்க, பத்துல ஒண்ணு ரெண்டுதான் ஷார்ப்பா வரும், பரவால்ல. அந்த ஒண்ணைக் காட்டினீங்கன்னா கயித்தை அவரே தூக்கிப் பிடிச்சு உள்ள வாங்கன்னு சொல்லுவார், காக்பிட்ல உக்காருங்கம்பார், பெல்ட் பக்கிளையும் வாட்ச்சையும் கழட்டிட்டு ஏறுங்க.

ஆனா ப்ரொப்பல்லர் சுத்தற படம் வேணும்னு "ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுங்களேன்"னு மட்டும் கேக்காதீங்க, ஜனம் நடக்கற இடத்துல அதை யாரும் பண்ண மாட்டாங்க, பண்ணவும் கூடாது.

சின்னதா சில விஷயம். ஏணி கொண்டு போனா கூட்டத்துக்கு கடைசில போட்டு நில்லுங்க, முன்னாடி போட்டா விமான ஓனர் வந்து சொல்றதுக்குள்ள பின்னால நிக்கறவங்களே உங்களை இறக்கிருவாங்க. டாக்ஸி பண்ணிட்டு, அதாவது விமானத்தை தரைல உருட்டிட்டு, வர்ற பைலட் மூஞ்சில ஃப்ளாஷ் அடிக்காதீங்க. ட்ரோன் பத்தி பேச்சே வேணாம். விமானங்களுக்கு மார்க் போட்டு பரிசு கொடுக்கற ஜட்ஜுங்க டார்ச் வச்சுக்கிட்டு ஒரு விமானத்தைச் சுத்தி வந்தா அந்த நேரம் ஓனர்கிட்ட பேச்சு கொடுக்காதீங்க, வருஷக்கணக்கு உழைப்புக்கு மார்க் போடற நேரம் அது.

படம் அனுப்பறேன்னு சொன்னீங்கன்னா அனுப்புங்க. இதுலதான் நம்ம ஆளுங்க பேரைக் கெடுத்துக்கறாங்க, அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போறவங்கதான் ஏராளம், அடுத்த வருஷம் அதே ஓனர் அடுத்த கேமராக்காரனைப் பாத்ததும் மூஞ்சிய திருப்பிக்குவார். ரெஜிஸ்ட்ரில தேடி அட்ரஸ் எடுத்து லெட்டர் போடாதீங்க, நல்ல எண்ணத்துல பண்ணினாலும் வாங்கறவருக்கு திக்குனு இருக்கும், அங்கயே மெயில் ஐடி கேட்டு எழுதிக்கங்க, விமானத்து நம்பரை பக்கத்துலயே குறிச்சுக்கங்க, இல்லன்னா எந்த மெயில் எந்த விமானம்னு குழம்பிரும். மெசேஜ் ஆப்ல அனுப்பினா படம் நசுங்கிரும், மெயில்லயோ லிங்க்லயோ முழு சைஸ்ல அனுப்புங்க, கூடவே ஒரு வரி போடுங்க, ப்ரின்ட் போட்டு மாட்டிக்கலாம், பேரோட ஷேர் பண்ணலாம், விக்கறதா இருந்தா மட்டும் சொல்லுங்கன்னு.