விறகு கணக்கில் வரும், சோறு வராது

கேள்வி: எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். பாட்டிக்குப் பாரிசவாதம் வந்த பிறகு வேலைக்குப் பெயர் போடுவதை நிறுத்திவிட்டு, பாட்டியையும் கொழும்பில் வேலை செய்யும் அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) இருந்து பார்த்துக்கொள்கிறார். அண்மையில் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பியபோது, "தொழில்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார்கள். அம்மாவும் "ஆமாங்க ஐயா, சும்மாதான் இருக்கேன்" என்றார். இது சரியா?
வாசகி, ஹட்டன்

பதில்: படிவத்தில் எழுதியவர் விதிப்படிதான் எழுதியிருக்கிறார், அம்மா சொன்னதுதான் தவறு. புள்ளிவிபரக்காரர்கள் கூலிக்கோ இலாபத்துக்கோ செய்வதை மட்டுமே தொழில் என்கிறார்கள். ஆனால் சொந்த வீட்டில் சமைப்பதும் நோயாளியைப் பராமரிப்பதும் பிள்ளை வளர்ப்பதும் "வேலை"தான் என்று, தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு 2013இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே அம்மாவுக்குத் தொழில் இல்லை என்று எழுதலாம், வேலை இல்லை என்று எவரும் எழுத முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாடுகளின் உற்பத்தியைக் கணக்கிடுவதற்கான ஐ.நா. விதிகளின்படி, வீட்டுத் தேவைக்கு விறகு பொறுக்குவதும் தண்ணீர் சுமப்பதும் உற்பத்தியில் சேரும். அதே விறகை எரித்து அதே தண்ணீரில் சோறு வடித்தால் அது சேராது. தேயிலை மலையிலிருந்து கவாத்து மிலாறை (வெட்டிவிட்ட தேயிலைக் குச்சிகளை) விறகாகக் கட்டித் தலையில் சுமந்து வரும் பெண், அடுப்படியில் சுமையை இறக்கிய நொடியிலிருந்து கணக்கில் இல்லாமல் போகிறாள்! பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூங்கவைப்பவருக்குச் சம்பளம் உண்டு. இஸ்தோப்பில் (லயத்தின் முன் திண்ணையில்) பேரனைத் தூங்கவைக்கும் உங்கள் அம்மாவுக்கு இல்லை.

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அந்தச் சம்பளம்கூட மலைக்குப் போன நேரத்துக்குத்தான். விடியுமுன் ரொட்டி தட்டிய நேரத்துக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உலகில் கூலியின்றி நடக்கும் பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்களே செய்கிறார்கள் என்று சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் கணக்கிட்டது.

மதிப்பு என்பது வெறும் மரியாதைப் பேச்சன்று என்பதால் பண விடயத்துக்கும் வருகிறேன். பெயர் போடும் வரை அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் போய்க்கொண்டிருந்தன. ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்குத் தோட்டம் மேலும் 3 வீதம் போட்டது. பாட்டியைப் பார்க்க வீட்டில் நின்ற அன்றோடு அம்மாவின் நாட்சம்பளம் மட்டுமன்றி முதுமைக்கான சேமிப்பும் நின்றுவிட்டது. அந்த இழப்பில்தான் அக்கா கொழும்பில் நிம்மதியாக வேலை செய்கிறார் என்பதை, சற்றுக் கடுமையாக இருந்தாலும், சொல்லியே ஆகவேண்டும்.

அம்மாவுக்கு ஐம்பது வயது கடந்திருந்தால், சேமலாப நிதிப் பணத்தை எடுத்துவிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள். வேலையை விட்ட பெண்கள் அந்த வயதில் அதைக் கோரலாம். வீட்டுக்கு அக்கா அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி, மளிகைச் செலவோடு கலக்காமல், அம்மாவின் பெயரிலேயே வங்கியில் விழட்டும். அடுத்த படிவத்தில், இடமிருந்தால், "குடும்பப் பராமரிப்பு" என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.