முன்னுரையை வெட்டிய பிரதி

ஐயா, வணக்கம். மேலை மந்திரவியல் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். முந்நூறு பிடிஎஃப் சேர்த்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கவேண்டிய பத்து நூல்களைச் சொல்ல முடியுமா? மந்திரம் உண்மையிலேயே பலிக்குமா? காவல் தேவதையைக் காண ஒதுங்கியிருந்து செய்யும் ஆபிரமெலின் சாதனையை அடுத்த மாதம் ஆறு மாதத்துக்குத் தொடங்குகிறேன். அதில் பூசிக்கொள்ளும் எண்ணெய்க்குச் சரக்கெல்லாம் வாங்கியாயிற்று.
த.

அன்புள்ள த.,

பலிக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். செய்த நேரம், உடல்நிலை, மனநிலை, நடந்தது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதிவையுங்கள். அந்த நோட்டு பதில் சொல்லும். பத்து நூல்களும் வேண்டாம். இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட கோல்டன் டான் என்ற ஆங்கில மந்திரக் குழுவின் சடங்குத் தொகுப்பும், 1533இல் முழுமையாக அச்சான ஜெர்மானிய அறிஞர் அக்ரிப்பாவின் மூன்று மந்திரவியல் நூல்களும் போதும். அக்ரிப்பாவை வாங்கும்போது கடையிலேயே செவ்வாய்க் கோளுக்குரிய ஐந்துக்கு ஐந்து எண் சதுரத்தைக் கூட்டிப் பாருங்கள். எந்த வரிசையைக் கூட்டினாலும் 65 வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பதிப்பைக் கீழே வைத்துவிடுங்கள்.

சரக்கு வாங்கியாயிற்று என்கிறீர்களே, ஆபிரமெலின் நூலின் எந்தப் பிரதியைப் பார்த்து வாங்கினீர்கள்? ஆறு மாதம் என்பதிலிருந்தே தெரிகிறது, உங்கள் கையில் இருப்பது கோல்டன் டானை நிறுவியவர்களில் ஒருவரான மேதர்ஸின் ஆங்கிலம். பாரிஸ் ஆர்செனால் நூலகத்தில் இருந்த ஒரே ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியிலிருந்து அவர் மொழிபெயர்த்தது அது. அதில் இரண்டிரண்டு மாதமாக மூன்று கட்டம். ஜெர்மன் பிரதிகளிலோ ஆறாறு மாதமாக மூன்று கட்டம், மொத்தம் பதினெட்டு மாதம். வோல்ஃபென்பியூட்டல் நூலகத்தில் 1608ஆம் ஆண்டுப் பிரதி இருக்கிறது. பிரெஞ்சில் மூன்று நூல், ஜெர்மனில் நான்கு. நூலிலுள்ள மந்திர எழுத்துச் சதுரங்களில் பல பிரெஞ்சுப் பிரதியில் பாதி காலியாகக் கிடக்கின்றன. ஜெர்மனில் அவை நிரம்பியிருக்கின்றன.

எண்ணெயைப் பாருங்கள். மேதர்ஸ் கணக்கில் வெள்ளைப்போளம் என்ற பிசின் 100 கிராம் என்றால் கருவாப்பட்டை 200, அரத்தை 50, ஆலிவ் எண்ணெய் 175. ஜெர்மன் கணக்கில் அதே 100 கிராம் போளத்துக்குக் கருவாப்பட்டை 50, வசம்பு 50, இலவங்கப்பட்டை (காசியா என்ற வேறு பட்டை) 100. இதன் மூலம் விவிலியத்தின் அபிஷேகத் தைலம், எது அதற்கு நெருக்கம் என்று அறிய உங்கள் வீட்டுப் பக்கத்துத் தேவாலயத்தில் ஒரு தமிழ் விவிலியம் வாங்கி யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தைத் திறந்தால் போதும். போளம் 500 சேக்கல் (பழைய எபிரேய எடை), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500. அப்படியே ஜெர்மன் விகிதம்! அரத்தைக்கு அங்கே இடமே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிழங்குதான், ஆனால் முகர்ந்தவர் யாரும் அரத்தையை வசம்பு என்று சொல்லமாட்டார்.

மேதர்ஸ் எதையும் மறைக்கவில்லை. எந்தப் பிரதி, அது எப்படிப்பட்டது என்று முன்னுரையில் விரிவாகவே சொன்னார். நீங்கள் இறக்கிய பிடிஎஃபில் முன்னுரை இருக்கிறதா? சடங்கு மட்டும் போதும் என்று வெட்டிப் போட்ட பிரதிகள்தான் அதிகம் சுற்றுகின்றன. மந்திர நூலில் முதலில் படிக்கவேண்டிய பகுதியே அதுதான் ஐயா! எந்த நூலகம், எந்தப் பிரதி, பதிப்பாசிரியர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று சொல்லாத நூல் எவ்வளவு அழகான அட்டையோடு வந்தாலும் வாங்காதீர்கள். ஆறு மாதம் குடும்பத்தை விட்டு ஒதுங்கி உட்காரப்போகிறவர் இதைக்கூடப் பார்க்காமலா இறங்குவது?



உங்கள் வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கடுமை. ஜெர்மன் பிரதிகளை ஒப்பிட்டு கியோர்க் டேன் பதிப்பித்த நூல் 2006இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆபிரமெலினுக்காக அதை மட்டும் கூடுதலாக வாங்குங்கள், மேதர்ஸைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். போளத்தை இடிக்காமல் கட்டியாகவே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பொடித்தால் மணம் சீக்கிரம் போய்விடும். பொடிக்குப் பதில் வடித்த பட்டைத் தைலத்தை ஊற்றும் யோசனை இருந்தால் விடுங்கள், நெற்றி வெந்துபோகும்.