‘ஆயா’ சரி, ‘ஐகா’ தப்பா? ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ்: கேள்வி பதில்

திருச்சிக்காரி நான். சென்னையில் ஸ்பானிஷ் படித்தேன். பதினோரு வருடமாக டெக்சாஸில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்கள். அவர்களுக்கென்றே தனி வகுப்பு. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், வீட்டில் பேசுற மொழியையே ஸ்கூல்ல எதுக்குப் படிக்கணும்? மார்க்குக்காகவா? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

நமக்குப் பன்னிரண்டு வருடம் தமிழ்ப் பாடம் எதற்கு இருந்தது, தம்பி? அந்தப் பன்னிரண்டு வருடம்தான் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து வயதிலிருந்து எழுத்து, படிப்பு எல்லாமே ஆங்கிலத்தில். ஸ்பானிஷ் என்றால் சமையலறை, தேவாலயம், பாட்டியோடு போன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் சொல்வதையெல்லாம் நின்ற இடத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிற பதினைந்து வயதுப் பையன், அதே மொழியில் அரைப் பக்கம் எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

மார்க்கும் ஒரு காரணம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

அக்கா, என் பக்கத்து வீட்டுப் பொண்ணு தண்ணியா ஸ்பானிஷ் பேசுறா. ஆனா ஸ்கூல் ஸ்பானிஷ்ல ‘சி’ கிரேடு. எப்படி? (ஹூஸ்டனிலிருந்து ஒரு அம்மா)

ஒன்றும் தெரியாத ஆங்கிலப் பிள்ளைகளோடு ஆரம்ப வகுப்பில் உட்கார வைத்திருப்பார்கள். அங்கே “இந்த வினையின் இறந்தகால வடிவம் என்ன?” என்று கட்டம் போட்ட தாள் கொடுப்பார்கள். அவள் அந்த வடிவத்தைத் தினம் நூறு முறை பேசுகிறாள், அதற்குப் பெயர் வைத்திருப்பது தெரியாது. ‘பெயரெச்சம்’ என்றால் என்ன என்று உங்கள் அம்மாவை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டுப் பாருங்களேன்.

என் வகுப்பில் முதல் வாரம் இலக்கணத் தேர்வு கிடையாது. ஒரு குட்டி டிக்டேஷன், ஒரு பத்தி வாசிப்பு, “உன் வீட்டில் யார் யாருக்கு எந்த மொழி?” என்று ஒரு பக்கம். யாருக்குக் காது இருக்கிறது, யாருக்குக் கை வரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஸ்பானிஷில் பி (B)-க்கும் வி (V)-க்கும் ஒரே ஒலி, எச் (H) ஊமை. கடல் அலையும் ஓலா, வணக்கமும் ஓலா. ஒன்றில்தான் எச் உண்டு. காதால் கற்றவர்கள் அங்கேதான் சறுக்குவார்கள். நம்மில் பலர் ல, ள, ழ-வில் சறுக்குவதைப் போல. அதற்காக யாரும் நம்மைத் தமிழ் தெரியாதவர்கள் என்று எழுதிவிடுவதில்லையே.

‘ஐகா’ன்னு எழுதினா தப்புன்னு அடிப்பீங்களா, மாட்டீங்களா? (புனேயில் ஸ்பானிஷ் படிக்கும் ஒருவர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தெரியாதவர்களுக்காக: ‘இருக்கட்டும், இருக்குமோ’ என்பது போன்ற இடங்களில் பாடநூல் ‘ஆயா’ என்று எழுதச் சொல்லும். மெக்சிகோவின் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்களில் ‘ஐகா’ என்பார்கள். இது அமெரிக்காவில் கெட்டுப்போனது அல்ல, பழைய வடிவம். ‘கொண்டுவந்தேன்’ என்பதற்குச் சில பாட்டிகள் ‘துரூஹே’ என்பார்கள். அது புகழ்பெற்ற ஸ்பானிஷ் நாவல் டான் குயிக்ஸோட்டின் முதல் பாகம் வந்த 1605-ல் எழுத்திலேயே புழங்கிய சொல். இன்றைய பாடநூலில் ‘த்ராஹே’.

நான் சிவப்பு மை எடுப்பதில்லை. பலகையில் இரண்டையும் எழுதி, “இது யார் வீட்டில் கேட்டது? இதை எங்கே எழுதலாம்?” என்று கேட்பேன். லாரிக்கு, பிக்கப் வண்டிக்கு ‘த்ரோக்கா’ என்பான் ஒருவன், ‘கமியோனேத்தா’ என்பான் இன்னொருவன். இரண்டும் நோட்டில் ஏறும். தமிழர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. ‘வந்துட்டாங்க’ என்று பேசி, ‘வந்துவிட்டார்கள்’ என்று எழுதுகிற சாதியல்லவா நாம். ‘வந்துட்டாங்க’ தப்பு என்று எந்த அம்மாவையும் யாரும் திருத்தவில்லை. இந்தப் பிள்ளைகளை மட்டும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் ‘எல்லாம் சரி’ என்று விட்டுவிடும் ஆசிரியர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் எது செல்லும் என்று சொல்லாமல் விடுவது அன்பு இல்லை, சோம்பேறித்தனம்.

அசென்ட் குறி போடக் கத்துக்கொடுக்கவே முடியல டீச்சர். விதி சொன்னா மறந்துடுறாங்க. (டல்லாஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை)

விதியிலிருந்து ஆரம்பிக்காதே, கண்ணு. நானும் நீயும் புத்தகத்தில் படித்தவர்கள். எழுத்தின் மேல் போடும் அந்தச் சின்னச் சாய்கோட்டைப் பார்த்துத்தான் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். அவர்களுக்கு அழுத்தம் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. ஆகவே தலைகீழாகப் போ.

முதலில், தெருமுனையில் நிற்கும் தம்பியைக் கூப்பிடுவது போல அந்தச் சொல்லைக் கத்தச் சொல். எந்த அசை நீள்கிறதோ அங்கேதான் அழுத்தம்: தெலேஏஏஃபோனோ. ஒரு வாரம் வெறும் கத்தல். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும், வரட்டும்.

பிறகு விதி, இரண்டே வரி. உயிரெழுத்து, என் (N), எஸ் (S) இவற்றில் முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில்; மற்றதில் முடிந்தால் கடைசி அசையில். வாய் இந்த விதியை மீறினால் குறி போடு, மீறாவிட்டால் போடாதே. அவ்வளவுதான். உயிரெழுத்துகள் ஒட்டுவது, பிரிவது எல்லாம் அடுத்த மாதம்.

எதற்குக் குறி என்று கேட்பார்கள். “என் அப்பாவுக்கு 47 வயது” என்று ஸ்பானிஷில் எழுதச் சொல். பாப்பா என்பதில் கடைசி எழுத்துக்குக் குறி விட்டுப்போனால் அப்பா உருளைக்கிழங்கு ஆகிவிடுவார். ஆண்டுகள் என்ற ‘ஆஞோஸ்’ மேலுள்ள வளைகோடும் விட்டுப்போனால் அது ‘ஆனோஸ்’. உருளைக்கிழங்குக்கு 47 ஆசனவாய். நம் ஞ-வும் ன-வும் வேறு எழுத்துகள் என்பதற்காகத் தமிழுக்கு நன்றி சொன்ன நாள் அது. ஒரு முறை சிரித்த வகுப்பு அந்தக் கோட்டை மறக்காது.

ஸ்பானிஷ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றாங்க. “என் ஸ்பானிஷ் மோசம் மிஸ்”ங்கறாங்க. இந்தக் கூச்சம் எங்கிருந்து வருது? (அதே ஆசிரியை)

தாத்தா பாட்டியிடமிருந்து. 1918-ல் டெக்சாஸில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதையே குற்றமாக்கினார்கள். பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசினால் அடி. மார்ஃபா என்ற சின்ன ஊரில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய பிளாக்வெல் பள்ளியில், 1954-ல் பிள்ளைகளையே ஸ்பானிஷ் சொற்களைத் தாளில் எழுத வைத்து, கொடிக்கம்பத்தின் அருகே புதைத்தார்கள். ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ சவ அடக்கம். அந்தக் கட்டடம் இன்று தேசிய வரலாற்றுத் தலம். 1968-ல் டெக்சாஸின் எட்கோச்-எல்சா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறியபோது, ஸ்பானிஷ் பேசுவதற்குத் தண்டனை கூடாது என்பதும் அவர்கள் கோரிக்கை.

அடி வாங்கியவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் உன் வகுப்பில் இருக்கிறார்கள். இவர்கள் மெக்சிகோ போனால் உறவினர்கள் ‘போச்சோ’ என்று கேலி செய்வார்கள், பாதி அமெரிக்கன் என்று. இந்தப் பக்கமும் ஏச்சு, அந்தப் பக்கமும் ஏச்சு.

நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை இது: வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பத்து நிமிடம் ஸ்பானிஷில் பேச வைத்துப் போனில் பதிவு செய்து வா. வைத்தியம், சமையல், எல்லை தாண்டி வந்த கதை, எதுவாகவும் இருக்கலாம். அதை அப்படியே, ‘ஐகா’வோடு, எழுது. பிறகு அதே கதையைச் செய்தித்தாளுக்கு எழுதுவது போல எழுது. ஒருத்தி தன் பாட்டியும் பள்ளியில் அடி வாங்கியவர் என்பதை அந்தப் பதிவில்தான் முதன்முதலாகக் கேட்டாள். வருடம் முழுக்க ஆங்கிலத்தில் பதில் சொன்னவள், மறுநாள் எழுந்து ஸ்பானிஷில் வாசித்தாள். குரல் நடுங்கியது. நான் எந்த எழுத்துப் பிழையையும் அன்று தொடவில்லை.

குவாத்தமாலாவிலிருந்து வர்றவங்களையும் இதே வகுப்பில் போடலாமா?

முதலில் வீட்டு மொழி என்னவென்று கேளுங்கள். அங்கே பூர்வகுடிகளின் மாயா மொழிகள் 20-க்கும் மேல் உண்டு. அவற்றில் மாம், கிச்சே பேசும் பிள்ளைக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. ‘இந்தியாவா, அப்போ இந்தி பேசு’ என்று கேட்கப்பட்ட நமக்கு இது புரிய வேண்டும்.

இதனால் மற்ற பாடங்களில் ஏதாவது பயன் உண்டா? ஆதாரம் வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். (சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, ஆங்கிலத்தின் ‘கடினச் சொற்கள்’ பெரும்பாலும் லத்தீன். அதே லத்தீன் இவர்கள் வீட்டுச் சமையலறையில். ‘இன்ஃபர்ம்’ (நலிந்த) என்றால் ஆங்கிலப் பிள்ளை முழிக்கும். இவனுக்கு நோயாளி ‘என்ஃபெர்மோ’. கட்டடம் ‘எதிஃபிசியோ’, ஆகவே ‘எடிஃபிஸ்’. நினைப்பது ‘பென்சார்’, ஆகவே ‘பென்சிவ்’. வாரம் பத்துச் சொல் இப்படிக் கண்டுபிடிக்க விடுகிறேன். ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத ஒருவன், அங்கே போய் மற்றவர்களுக்கு ‘எடிஃபிஸ்’ சொல்லிக்கொடுத்ததாக அந்த ஆசிரியரே வந்து சொன்னார்.

மார்க் விஷயம்: பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி ஸ்பானிஷில் 5-க்கு 3 எடுத்தாலே பல கல்லூரிகளில் கிரெடிட் கிடைக்கும், கட்டணமும் மிச்சம். வாயில் மொழி இருப்பவர்கள் முறையாக எழுத வேண்டிய இடத்தில் ‘நீ’ போட்டு மாட்டிக்கொள்வார்கள். முன்பின் தெரியாத அதிகாரிக்கு ‘உஸ்தெத்’, அதாவது ‘நீங்கள்’. இன்னொன்று, இருமொழிப் புலமைக்கான முத்திரை. பள்ளிச் சான்றிதழில் ஒட்டுவது. கலிஃபோர்னியா 2011-ல் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

அக்கா, நாங்க சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்துறோம். இதுல எங்களுக்கு ஏதாவது? (ஆஸ்டினிலிருந்து)

முத்திரை தமிழுக்கும் வாங்கலாம், உங்கள் பள்ளி மாவட்டத்தில் விசாரியுங்கள். மற்றபடி, “நான் வந்துட்டு போச்சு” என்று குழந்தை சொல்லும்போது பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் பாருங்கள், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியா ஒண்ணு: உங்க ஸ்பானிஷைப் பார்த்து அவங்க சிரிச்சதில்லையா?

முதல் நாளே. சென்னையில் எனக்குக் கற்பித்தது ஸ்பெயின் உச்சரிப்பு. செர்வேசா என்பதைத் ‘தெர்வேதா’ என்பேன். பின்வரிசைப் பையன் ஒருவன், “மிஸ், பல்லில் ஏதாவது பிரச்சினையா?” என்று அக்கறையாக விசாரித்தான். பீருக்கான சொல்லை ஏன் முதல் நாளே சொன்னேன் என்று கேட்காதீர்கள்.