கடைசியில் வருபவரின் வேகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 61. மதுரையில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களாக ஒரு நடைக்குழுவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை வேன் பிடித்து மலைப்பக்கம் போய் நடந்துவிட்டு வருவோம். இப்போதைக்கு எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு இல்லை. ஆனால் நான் மெதுவாக நடப்பவள். போன மாதம் கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸுக்கு இறங்கினோம். பாதி வழியில் அமைப்பாளர், "நீங்க இந்த டீக்கடையிலேயே உக்காருங்க மேடம், நாங்க போயிட்டு வந்துடறோம்" என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் தப்பில்லை, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவர். யாருக்கும் நான் பாரமாக இருக்க விரும்பவில்லை. இந்த மாத நடைக்கு முட்டிவலி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் வலி எதுவும் இல்லை.

வரும் மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். மூன்று மாதம் இருப்பேன். பக்கத்திலேயே நடப்பதற்கு அருமையான மலைகள் உண்டு என்கிறான். என்னைப் போன்றவர்கள் தனியாக நடப்பது நல்லதா, அங்கேயும் ஒரு குழுவில் சேரலாமா? எப்படிப்பட்ட ஷூ, கைத்தடி வாங்க வேண்டும்? இன்னொன்று, இங்கே வனத்துறை மலைப்பாதைகளுக்குக் கட்டணம் வைத்து, வழிகாட்டியையும் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே அப்படி இல்லையாம். நடப்பதற்குக்கூடக் காசா?

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள டீச்சர்,

வலிக்காத முட்டியை வலிக்கிறது என்று ஏன் சொன்னீர்கள்? இத்தனை வருடம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்களை டீக்கடையில் உட்கார வைத்தவர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட இதில்தான் அதிகக் கோபம் வந்தது. அப்புறம் வருத்தமாகவும் இருந்தது. மாதத்தில் இருக்கும் ஒரே சந்தோஷம் என்று நீங்களே சொல்கிற ஒன்றை, யாரும் கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

ஷூ பற்றி யோசித்துக் குழம்ப வேண்டாம். காலுக்குப் பழகியதாக, அடிப்பாகம் வழுக்காததாக இருந்தால் போதும். அங்கே சேறு அதிகம் என்பதால் ஈரம் உள்ளே போகாததாகப் பார்த்து வாங்குங்கள். புதிதாக வாங்கினால் மதுரையிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள். கைத்தடி அவசியம், இறக்கத்தில் முட்டியைக் காக்கும். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் மூங்கில் தடியோடு ஏழு மலையும் போய் வருகிறார்கள். விலை உயர்ந்தது வேண்டும் என்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருப்பது இது. சேர்ந்து நடக்கும் குழுக்கள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் அவர்கள் அனுப்பும் அறிவிப்புகளைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குள் முடிப்போம், எத்தனை மணிக்கு வேன் திரும்பும், எல்லாம் இருக்கும். கடைசியில் வருகிறவரோடு யார் வருவார்கள் என்பது மட்டும் இருக்காது. அந்த ஒன்றை முடிவு செய்யாமல் ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப் போக யாருக்கும் உரிமை கிடையாது என்று நான் உறுதியாகவே நினைக்கிறேன்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். வேகமாக நடக்கும் பத்துப் பேர் ஒரு வளைவுக்கு முதலில் போய்ச் சேர்கிறார்கள். உட்காருகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து நீங்கள் மூச்சு வாங்க வந்து சேர்கிறீர்கள். உடனே ஒருவர், "மேடம் வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்கிறார். எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். அடுத்த வளைவிலும் இதே கதைதான். ஆக, ஓய்வே தேவைப்படாதவருக்கு ஒவ்வொரு வளைவிலும் ஓய்வு கிடைக்கிறது. தேவைப்படுகிறவருக்கு ஓரிடத்தில்கூடக் கிடைக்கவில்லை. நண்பகலில் நீங்கள் காலையைவிட மெதுவாகிவிடுகிறீர்கள். அது உங்கள் வயதால் வந்ததல்ல. காலையிலிருந்து உட்காராமல் நடந்தது நீங்கள் ஒருவர்தான். அப்படி ஆக்கிவிட்டு, மெதுவாக நடக்கிறார் என்று சொல்லி உங்களைக் கடையில் உட்கார வைக்கிறார்கள். அவர் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்க அவர் மேல்தான் தப்பு, டீச்சர்.

மலையில் நேரம் கணக்கிட ஒரு பழைய விதி உண்டு. ஸ்காட்லாந்தின் மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் கணக்கில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இது நல்ல உடற்கட்டு உள்ளவர், நல்ல பாதையில், நடுவில் நிற்காமல் போவதற்கான கணக்கு. நம் அமைப்பாளர்கள் பலரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த வேகத்தை வைத்தே முப்பது பேருக்கும் நேரம் குறிக்கிறார்கள். குழுவில் யார் மிக மெதுவோ அவருடைய வேகத்தில் பாதையை அளந்துவிட்டு, அதன்பிறகு வேன் திரும்பும் நேரத்தைச் சொல்ல வேண்டும். எட்டு கிலோமீட்டர் முடியாதென்றால் ஐந்து நடங்கள். அந்த மூன்று கிலோமீட்டர் குறைந்ததால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

எங்கள் ஊரிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பாதை. சிறு வயதில் என் அப்பத்தாவோடு நானும் போயிருக்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேர் கிழவிகள். குருசாமியாக வந்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கூட்டத்தை நடத்தத் தெரிந்திருந்தது. பனி விழுகிற பின்னிரவில், எல்லோருக்கும் முன்னால் வயதானவர்களை எழுப்பிக் கிளப்பிவிடுவார். டார்ச் லைட்டோடு வாட்டசாட்டமான இரண்டு பேர் அவர்கள் கூடப் போக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த கூட்டம். இளவட்டங்கள் எல்லாம் கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும். "காப்பியக் குடிச்சிட்டு வாங்கடா, அவங்க எங்க போயிறப் போறாங்க" என்பார். விடிந்து வெயில் ஏறும்போது, மதியம் தங்கும் சத்திரத்துக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருப்போம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரும் பின்தங்கவும் இல்லை. என் அப்பத்தா நத்தம் சாலையில் புளியமர வரிசைக்கு நடுவே, பின்னால் வருகிறவர்களைப் பற்றிய கவலையே இல்லாமல், தன் போக்கில் பேசிக்கொண்டே நடந்தாள். பேரன் நான்தான் தூக்கக் கலக்கத்தில் இரண்டு அடிக்கு ஒருமுறை தடுமாறினேன். "என்னால தாமதமாகுது" என்ற பேச்சை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அப்படி ஒரு எண்ணம் வருவதற்கே அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

அது பக்தி, இது பொழுதுபோக்கு, இரண்டும் ஒன்றா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கால் ஒன்றுதானே. சேர்ந்து போவது என்று முடிவெடுத்தபின் எதற்காகப் போனாலும் பொறுப்பு ஒன்றுதான்.

பாரம் என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லை இனி எடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் புரிந்துகொண்ட பிள்ளையைப் பாரம் என்று நினைத்து வராந்தாவில் உட்கார வைத்தீர்களா? மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்வேன்.

இனி மான்செஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற இடம் சாதாரணமானதல்ல. அந்த நகரத்துக்குக் கிழக்கே பீக் மாவட்டம் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அதில் கிண்டர் ஸ்கௌட் என்று 636 மீட்டர் உயரமான ஒரு மேட்டுநிலம். கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. ஆனால் அதன்மேல் நடப்பதற்காக ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். மலை முழுக்கப் பிரபுக்களின் பறவை வேட்டைக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. வாரம் முழுக்க ஆலைப் புகையில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிற தொழிலாளிகளைக் காவல்காரர்கள் தடியோடு விரட்டினார்கள். 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹேஃபீல்ட் என்ற ஊரின் கல்குவாரியில் சில நூறு பேர் கூடினார்கள். பெனி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் பேசினார். எல்லோருமாக மலையேறினார்கள். கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, ராத்மனுக்கு நான்கு மாதம். அந்தக் கோபம் ஓயவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்கள் அமைக்கச் சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000இல் வந்த இன்னொரு சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் யாரும் நடக்கலாம் என்றது. 2002இல், அன்றைய நிலப்பிரபுவின் பேரன் அதே இடத்துக்கு வந்து, பாட்டனார் செய்தது தவறு என்று பொதுவில் மன்னிப்புக் கேட்டார். தனி ஆளாகப் போயிருந்தால் விரட்டியிருப்பார்கள். கூட்டமாகப் போனதால்தான் வழி திறந்தது. திறந்தது நல்ல வேகத்தில் நடக்கிறவர்களுக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும்தான்.

அங்கே ராம்ப்ளர்ஸ் என்று ஒரு நடை அமைப்பு 1935 முதல் இருக்கிறது. ஊருக்கு ஊர் கிளை உண்டு. ஒவ்வொரு நடையையும் எளிது, சாவகாசம், நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வழிநடத்துகிறவர் முன்னால் போவார். கடைசியில் வருவதற்கென்றே ஒருவரை நியமிப்பார்கள். பாதை பிரிகிற இடத்தில் அந்தக் கடைசி ஆள் கண்ணில் படும்வரை முன்னால் போனவர் அங்கிருந்து நகரமாட்டார். இவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை. இதை உங்கள் குழு அடுத்த மாதமே செய்யலாம். இதோடு நான் சேர்த்துச் சொல்வது, மெதுவாக நடப்பவரை இரண்டாவதாக, வழிநடத்துபவரின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கவிடுங்கள். அவர் காலடிச் சத்தம் முன்னால் போகிறவர் காதில் விழுந்துகொண்டே இருந்தால் வேகம் தானாகச் சரியாகிவிடும். நல்ல தெம்புள்ளவர்தான் கடைசியில் வர வேண்டும்.

எளிதானதில் தொடங்குங்கள். ஹேஃபீல்டிலிருந்து நியூ மில்ஸ் வரை, பழைய ரயில் பாதையையே நடைபாதையாக்கியிருக்கிறார்கள். செட் பள்ளத்தாக்குப் பாதை என்று கேட்டால் தெரியும். நான்கு கிலோமீட்டர், ஏறக்குறையச் சமதரை. நியூ மில்ஸிலிருந்து மான்செஸ்டருக்கு ரயில் இருக்கிறது. ஈடேல் கிராமத்துக்கும் ரயிலில் போகலாம். 400 கிலோமீட்டருக்கும் நீளமான பென்னைன் வழி அங்கேதான் தொடங்குகிறது. அதன் முதல் ஒரு கிலோமீட்டரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் போதும். வயல்களுக்கு இடையே போகும் பாதைகளில் கற்சுவரைத் தாண்டுவதற்குப் படி வைத்திருப்பார்கள். அதில் ஏறும்போது அவசரப்படாதீர்கள், பின்னால் நிற்பவர் நிற்கட்டும். கிண்டர் மேட்டுக்குத் தனியாக ஏறவே கூடாது. மேலே கரிச்சேறு, மூடுபனி வந்தால் திசை தெரியாது. ஜூன் மாதம் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். உங்களை யாரும் அவசரப்படுத்தக் காரணமே இல்லை.

கட்டணம் பற்றிய உங்கள் கேள்வி. இதில் உங்கள் மகன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மேட்டில் செம்மறியாடு மேய்கிறது. நம் காட்டில் யானை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது, கோடையில் தீ இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று உங்கள் பக்கத்து மாவட்டமான தேனியில், குரங்கணி மலையில் நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதில் 23 பேர் இறந்தார்கள். உங்களைப் போலவே வார இறுதியில் மலையைப் பார்க்க ஆசையோடு கிளம்பியவர்கள். அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவுசெய்து போகும் ஏற்பாட்டை அரசு தொடங்கியது. கூட வரும் வழிகாட்டிகள் அந்தந்த மலையையே ஊராகக் கொண்டவர்கள். அந்தப் பணத்தில் அவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. அதைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஆகஸ்டில் திரும்பி வந்ததும் உங்கள் வயதுத் தோழிகள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு எளிய பாதை ஒன்றுக்குப் பதிவு செய்யுங்கள். உங்கள் குழுவின் அமைப்பாளர் இதைப் படித்துவிட்டு மாறினால் அவரோடும் போங்கள், மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். வழிகாட்டியிடம் காலையிலேயே, "நாங்க மெதுவாத்தான் வருவோம், நிறைய இடத்துல உக்காருவோம்" என்று சொல்லிவிடுங்கள். போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்.